தெருமுனை வரைக்கும் ஆங்கிலம்

"யூ ஸ்டாண்ட் தேர் ஒன்லி மேடம். ஐ வில் கம்."

இப்படிச் சொல்லிவிட்டு மும்தாஜ் மார்க்கரை மூடி மேசைமேல் வைத்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வெள்ளைப் பலகையில் நான் வரைந்திருந்த தெருக்களில் ஒரு விருந்தாளியை அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அலாங் தி ரோடு, பாஸ்ட் தி மெடிக்கல் ஷாப், அக்ராஸ் தி சிக்னல் என்று எல்லாம் சரி. கடைசித் திருப்பத்துக்கு முன்னால் விருந்தாளியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாள்.

"வீடு இதோ இருக்கே மும்தாஜ். இன்னும் ஒரு திருப்பம்தான். கொண்டுபோய்ச் சேர்த்துட வேண்டியதுதானே?"

"அதான் நானே போய் இட்டுக்கினு வந்துடுவேனே டீச்சர். அவங்க ஏன் அலையணும்?"

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மட்டும் எரிச்சல். ஏனென்றால் இதே இடத்தில் அவள் நிற்பது இது முதல் தடவை இல்லை.

தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த வகுப்பு நடந்தது. கீழே லைனிங் துணியும் புடவை ஃபால்ஸும் விற்பார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனை படியேறி வந்து வகுப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூட வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மாலையில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ் அந்தக் கீழ்க்கடையில்தான் ஃபால்ஸ் தைத்தாள். ஏழு மணிக்குத் தையல் மிஷினை மூடிவிட்டு மேலே வருவாள். நாற்பதைத் தொட்டிருப்பாள். கணவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, மயிலாப்பூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

முதல் நாள் எல்லோரிடமும் கேட்பேன், எதற்காக இங்கிலீஷ் வேண்டும் என்று. பதவி உயர்வு, மகளின் சம்பந்தி வீட்டார், பாஸ்போர்ட் ஆபீஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவள் சொன்னது வேறு.

"தனியா ஒரு வூடு எடுக்கணும் டீச்சர். அவ்ளோதான்."

வீட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்தபோது அவளே விளக்கினாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனி. வெளிநாடுகளிலிருந்து மருத்துவத்துக்காக வரும் குடும்பங்களுக்கு அடையாறு, திருவான்மியூர் பக்கம் வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்கள் ஊர் தெரியாமல் திணறுவார்கள். அவர்களிடம் போனில் ஆங்கிலத்தில் பேசி, வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க ஆள் வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. எதிர்முனையில் ஒருவர் வழி தெரியாதவராக நடிப்பார். அவரைக் குரலாலேயே வீடு சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் வேலை. தையல் கூலியில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்க முடியாது, இந்த வேலை கிடைத்தால் முடியும்.

குளத்துக்குள் விழுந்த லொகேஷன்

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த ஊரில் யார்தான் முழுசாக வழி சொல்கிறார்கள்?

எங்கள் வகுப்பில் வைத்தி மாமா என்று ஒருவர் இருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். பிறகு ஏன் வருகிறார் என்று கேட்டால், "ஆத்துல யாரும் நான் பேசறதைக் கேக்கறதில்லை, இங்க ஃபீஸ் கட்டியிருக்கேன், கேட்டுத்தான் ஆகணும்" என்பார். அவரிடம் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வழி சொல்லுங்கள் என்றேன்.

"லஸ் கார்னர்ல எறங்கிக்கோங்கோ. முன்னாடி ஒரு காப்பிப்பொடிக் கடை இருந்துதோல்லியோ, அதுக்கு எதுத்தாப்ல வந்து நின்னுண்டு ஒரு ஃபோன் போடுங்கோ. நான் வந்து அழைச்சுண்டு போறேன்."

"அந்தக் கடையைத்தான் எப்பவோ இடிச்சுட்டாங்களே மாமா?"

"அதனால என்ன? இருந்த எடம் அங்கதானே இருக்கு?"

நம் ஊர் வழிகளில் பாதி, இல்லாத கட்டடங்களின் மேல்தான் போகிறது. மூடிப்போன தியேட்டர், வெட்டிப்போன அரசமரம், பேர் மாறிப்போன பஸ் ஸ்டாப். மீதிப் பாதியை மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டுவிட்டு, நேற்று வரைக்கும் இடதுபக்கம் போன வண்டியை இன்று வலதுபக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

இப்போது எல்லோரும் லொகேஷன் அனுப்புகிறார்கள், உண்மைதான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் எனக்கு அனுப்பியது கோயில் குளத்தின் நடுவில் போய் விழுந்தது. படித்துறையில் நின்று அவரைக் கூப்பிட்டேன். "எங்க இருக்கீங்க? குளத்தாண்டையா? அங்கயே நில்லுங்க, தோ வந்துட்டேன்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்தார். இதுதான் சென்னை. போனை எடுத்ததும் எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்போம். பிறகு நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவோம். வழி சொல்வதைவிட ஆளே போய்விடுவது சுலபம். அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. முனை வரைக்கும் வந்து அழைத்தார் என்று விருந்தாளி நாலு பேரிடம் சொல்வார்.

மும்தாஜுக்கு இருப்பது ஊருக்கே இருக்கிற வியாதி என்று நான் முடிவுகட்டியது இதனால்தான்.

பந்து போன வழி

சாந்தோமில் நான் படித்த கான்வென்டில், ஒரு சிஸ்டர் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிஸ்கட் டப்பாவும் ரப்பர் பந்தும் கொண்டுவருவார். பந்தை டப்பாவுக்குள் போடுவார். இன்டு. எடுப்பார். அவுட் ஆஃப். டப்பாவுக்கு மேலே கொண்டுபோவார். ஓவர். நாங்கள் தூங்கி வழிந்துகொண்டே பின்பாட்டுப் பாடுவோம்.

ஒரு நாள் பந்து கைதவறிவிட்டது. மேசையிலிருந்து விழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே உருண்டு, கதவு வழியாக வெளியே போய், படிக்கட்டில் தாவித் தாவி இறங்கியது. நாங்கள் எழுந்து ஓடினோம். ஆஃப் தி டேபிள், பிட்வீன் தி பெஞ்சஸ், த்ரூ தி டோர், டவுன் தி ஸ்டெப்ஸ் என்று மொத்த வகுப்பும் கத்திற்று. ஒருத்தி வாயிலும் ஒரு தப்பு வரவில்லை. சிஸ்டர் மட்டும் திட்டினார், பந்து அடுத்த வகுப்புக் கன்னியாஸ்திரீயின் காலடியில் போய் நின்றதால்.

ஏதாவது ஓடினால்தான் இந்தச் சொற்கள் வாயில் வரும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. பிற்பாடு என் வகுப்பிலும் யாரையும் உட்கார்ந்து ஒப்பிக்க விடமாட்டேன். எழுந்து நட, நடந்துகொண்டே சொல் என்பேன். வைத்தி மாமா முட்டிவலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். மும்தாஜ் நடந்தாள். அலாங்குக்கும் அக்ராஸுக்கும் முதலில் தடுமாறியவள், ஒரு நாள் தானாகவே பிடித்துக்கொண்டாள். "ஃபால்ஸ் தைக்கிறப்ப ஓரத்தோட ஊசி போவுதுல்ல, அது அலாங். குறுக்க வெட்டுனா அக்ராஸ். கரீக்டா டீச்சர்?" கரெக்ட்தான். ஒரு மாதத்தில் அடையாறு பாலத்துக்கு மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் எந்த வீடாக இருந்தாலும், கடைசித் திருப்பத்தில் அதே கதை. யூ ஸ்டாண்ட் தேர் ஒன்லி.

"பரீட்சையில நீ எழுந்து போக முடியாது. நாற்காலியிலதான் இருக்கணும். இதைச் சொன்னா ஃபெயில், தெரியுமா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"தெரியுது டீச்சர். வாய் நிக்கமாட்டேங்குது, அதுவா வந்துடுது."

பச்சை கேட்டைத் தாண்டி

அந்த வாரமே ஒரு நாள் மதியம் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. விண்ணப்பத்தில் மும்தாஜ் என் நம்பரையும் கொடுத்திருந்தாள். பரீட்சை அடுத்த வாரம் இல்லை, நாளைக் காலையே என்றார்கள். தேர்வு வைக்கிறவருக்கு வெளியூர் வேலையாம். மும்தாஜ் போன் எடுக்கவில்லையாம், நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். துணிக்கடைக்குப் போய்க் கேட்டேன். இன்றைக்கு லீவு என்றார்கள். நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். போன் அணைந்தே கிடந்தது. ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனேன்.

கச்சேரி சாலைக்குப் பின்னால் அவள் தெருமுனை எனக்குத் தெரியும். ஒரு பால் பூத் இருக்கும். முன்பு ஒன்றிரண்டு முறை தைத்த ரவிக்கையை வாங்கிக்கொள்ள அங்கே போயிருக்கிறேன். "பூத்தாண்டயே நில்லுங்க டீச்சர், தோ வர்றேன்" என்பாள். மூச்சு வாங்க ஓடிவந்து கொடுப்பாள். அதற்கு மேல் நான் போனதில்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் மும்தாஜ் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மும்தாஜ்? சலீம் பாய் தங்கச்சியா? தோ, அந்தப் பச்ச கேட்டத் தாண்டி உள்ள போங்கம்மா. கடைசி வூடு."

வாசலில் ஒரு பெண் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மும்தாஜ் 'பாபி' என்று சொல்கிற அண்ணி அவள்தான் என்று தெரிந்தது.

"மும்தாஜ் வீடு இதுதானேம்மா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது சலீம் வூடும்மா. மும்தாஜ் இங்க கீறா. அவ்ளோதான்." பிறகு உள்ளே திரும்பி, "யார் யாருக்கு இந்த வூட்டுக்கு வழி சொல்லி வச்சிக்கினு கீற நீ?" என்றாள்.

உள்ளேயிருந்து மும்தாஜ் வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நான் யாருக்கும் சொல்லல பாபி. சத்தியமா சொல்லல. அவங்களா வந்துட்டாங்க."

அண்ணியையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டே அறைகள். உள்ளே பாயில் யாரோ இருமிக்கொண்டு படுத்திருந்தார்கள். கொடி முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டைகள். அந்த வீட்டில் இன்னொருவர் வந்து உட்கார வேண்டுமென்றால் ஒருவர் எழுந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"வாங்க டீச்சர், முனைக்குப் போயிடலாம்" என்று மும்தாஜ் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

பால் பூத் ஓரத்தில்

பரீட்சை நாளைக்கே என்று சொன்னேன். தலையாட்டினாள். அவள் நினைப்பு அதில் இல்லை.

"வந்த புதுசுல என் கூட்டாளி ஒருத்தி பாக்க வந்தா டீச்சர். உக்கார வச்சி டீ போட்டுக் குடுத்தேன். அதுக்கு ஒரு வாரம் பேச்சு. பாலு யார் வாங்குன பாலு, சக்கரை யார் வூட்டு சக்கரைன்னு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, தல குனிஞ்சிக்கினு சாப்ட்டுக்கினு இருந்துச்சி. அதான் எனக்குத் தாங்கல. அப்பால நான் யாரையும் வூடு வரைக்கும் வுட்றதில்ல. முனையிலயே பேசி அனுப்பிடுவேன்."

ஊரார் தெருமுனைக்கு வருவது விருந்தாளியை வீட்டுக்கு அழைத்துப் போக. இவள் முனைக்கு ஓடிவந்தது, யாரும் வீட்டுக்கு வந்துவிடாமல் இருக்க. இத்தனை மாதமாக இரண்டையும் நான் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது. துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதபோது நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். அன்றும் அதைத்தான் செய்தேன்.

"சரி, அந்த வீட்டை விடு. உனக்குன்னு ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்கோ. நான் வெளிநாட்டுக்காரி. பஸ்ல வந்து இறங்கிட்டேன். எனக்கு வழி சொல்லு."

"இங்கயா டீச்சர்? தெருவுலயா?"

"இங்கதான்."

பால் வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வூடு எங்க கீது டீச்சர்?"

"உன் வீடு, உன் இஷ்டம்."

"பீச் பக்கம் வச்சிக்கலாமா?"

"வச்சுக்கோ. அதுக்கு என்ன வாடகையா கேக்கப்போறாங்க?"

லேசாகச் சிரித்தாள். பிறகு காதில் போன் இருப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கெட் ஆஃப் தி பஸ் மேடம். வாக் டுவர்ட்ஸ் தி சீ. கோ பாஸ்ட் தி ஃபிஷ் ஸ்டால், ஸ்மெல் வில் கம், டோன்ட் மைண்ட். டர்ன் லெஃப்ட் இன்டு தி ஸ்மால் ஸ்ட்ரீட். அந்தக் கடைசித் திருப்பம் வந்தது. நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பேசாமல் இருந்தேன்.

"கம் த்ரூ தி கேட்," என்றாள் மெதுவாக. "கம் அப் தி ஸ்டெப்ஸ். டோர் இஸ் ஓபன் மேடம். கம் இன்."

காதிலிருந்து கையை எடுத்தாள். கண் நிறைந்திருந்தது.

"செருப்ப உள்ளயே வுடலாம் டீச்சர். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வழி முழுக்க

மறுநாள் சாயங்காலம் படியேறி வந்து, எல்லோருக்கும் நடுவில், "ஆயிடிச்சி டீச்சர்" என்றாள். தேர்வு வைத்தவர் வேண்டுமென்றே இரண்டு முறை வழிதவறிப் போனாராம். இரண்டு முறையும் திருப்பிக் கொண்டுவந்து, படியேற்றி, உள்ளே கூப்பிட்டுவிட்டுத்தான் போனை வைத்தாளாம். வைத்தி மாமா எழுந்து நின்று கைதட்டினார். முட்டிவலி அன்றைக்கு இல்லை.

வேலை கிடைத்த அளவுக்குச் சுலபமாக வீடு கிடைத்துவிடவில்லை. தனிப் பொம்பளையா என்று இழுத்தார்கள். பேரைக் கேட்டதும், இப்போதுதான் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, சமைக்க மாட்டேன் என்று அவள் சொன்ன பிறகும் கதவைச் சாத்தினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரரும் அதில் உண்டு. அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. ஒரு மழைக்காலம் வந்து போயிற்று. வேலையில் அவளுக்கு நல்ல பேர், அண்ணன் வீட்டில் அதே பாய்.

பிறகு ஒரு நாள் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு நம்ம வூட்டுக்கு வரணும் டீச்சர்."

பாலவாக்கத்தில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் போனில் சொல்லச் சொல்ல நடந்தேன். தமிழில்தான் சொன்னாள். பெட்ரோல் பங்கைத் தாண்டி, ஹார்டுவேர் கடையை ஒட்டினாற்போல் உள்ளே, தண்ணித் தொட்டி வரைக்கும் நேராக. கடல் கண்ணில் படவில்லை, காற்று மட்டும் வந்தது. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தெருமுனை. பழக்கதோஷத்தில் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"முனைக்கு வந்துட்டேன் மும்தாஜ். இங்கயே நிற்கட்டுமா?"

எதிர்முனையில் தாளிக்கிற ஓசை கேட்டது.

"எதுக்கு டீச்சர் நிக்கறீங்க? நான் வரமாட்டேன், அடுப்புல வேல கீது. நீங்களே உள்ள வாங்க. தெரியலன்னா அங்க யாரையாச்சும் கேளுங்க. மும்தாஜ் வூடு எதுன்னு கேளுங்க."

எதிரே குழாயடியில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். ஈரக் கையோடு எழுந்து, நாலு வீடு தள்ளித் திறந்திருந்த ஒரு கதவைக் காட்டினாள்.